மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல் சாரிட்டியா, வசதியானவங்க கிளப்பா?

கூதல்காத்து: நேத்து வாட் வரி திரியில இங்கிலாந்துல இருக்குற இந்தத் தனியார் ஸ்கூல் பேச்சு வந்துச்சு, தனியாவே போடுறேன். 1515ல ஹ்யூ ஓல்டம்னு ஒரு பிஷப், வீட்ல வசதியில்லாத கெட்டிக்காரப் பசங்க காசு குடுக்காம லத்தீன் படிக்கட்டும்னு ஆரம்பிச்சது. இப்ப நுழைவுத்தேர்வு, அதுக்கு மேல ஒரு வருஷ ஃபீஸுக்கு சுமாரான கார் வாங்கிடலாம், ஆனா போர்டு மட்டும் இன்னும் சாரிட்டி. 2025 ஜனவரியில இருந்து தனியார் ஸ்கூல் ஃபீஸ் மேல 20% வாட் போட்டாங்கள்ல, ரொம்ப சரி.

ஆந்தைக்குஞ்சு: அண்ணே பாதிக் கதையோட நிறுத்திட்டீங்க. டைரக்ட் கிராண்ட்னு ஒண்ணு இருந்துச்சு, அரசாங்கமே நேரா மானியம் குடுக்கும், பதிலுக்கு நாலுல ஒரு சீட்டாவது அரசு பிரைமரியில படிச்ச பசங்களுக்கு ஃப்ரீ, மத்தவங்களுக்கும் அப்பா சம்பளத்தைப் பாத்துதான் ஃபீஸ். 1976ல இருந்து லேபர் கட்சி அரசாங்கம் அதை நிறுத்துச்சு. ஒண்ணு பரீட்சை வைக்காம எல்லாரையும் சேக்குற அரசு ஸ்கூலா, அதான் காம்ப்ரிஹென்சிவ், ஆகு, இல்ல உன் காசுல நடத்துன்னாங்க. தொரத்தி விட்டவங்களே இப்ப ஏன் வெளிய நிக்குறன்னு கேட்டா எப்படி?

கூதல்காத்து: தொரத்தலையே! கத்தோலிக்க ஸ்கூல் நிறைய அரசு பக்கம் போச்சுல்ல. இவங்களுக்கு பரீட்சை வச்சு பொறுக்கி எடுக்குறத விட மனசில்ல, அவ்ளோதான்.

ஆந்தைக்குஞ்சு: பொறுக்கி எடுக்கலன்னா அது அந்த ஸ்கூலே இல்லண்ணே. ஷேர்ஹோல்டர் கிடையாது, ஹாஸ்டல் கிடையாது, ஹை மாஸ்டருக்கு, அதான் ஹெட்மாஸ்டருக்கு, மேல கவர்னர்ஸ்னு நிர்வாகக் குழு, மிச்சம் விழுந்தா ஸ்கூலுக்குள்ளயே செலவு. பழைய மாணவர்கள் குடுக்குற காசுல பர்சரி, அதான் வசதியில்லாத பசங்களுக்கு ஃபீஸ் உதவி, ஓடுது. வாட் ஏத்துனா டாக்டர் வீடு எப்படியும் கட்டிரும், கஷ்டப்பட்டு கட்டுற நர்ஸ் வீடுதான் முதல்ல விலகும்.

கூதல்காத்து: அந்த நர்ஸ் பையன் 10 வயசுல டியூஷன் போகாம அந்தப் பரீட்சையை பாஸ் பண்ணுவானா? அதச் சொல்லுங்க முதல்ல.

மாவுமில்லு: ரெண்டு பேரும் காசு எங்கிருந்து வந்துச்சுன்னே பேசல. மான்செஸ்டர்ல ஓடுற ஐர்க் ஆத்துல ஸ்கூலுக்கு மில்லு இருந்துச்சு, ஊர்க்காரன் தானியத்தை அங்கதான் அரைக்கணும், பீருக்கு முளைகட்டின பார்லியும் அங்கதான், வேற எடத்துக்குப் போனா கேஸு. 18ம் நூற்றாண்டு பாதி வரைக்கும் தானியத்துல இந்தக் கூத்து, பார்லியில அதுக்கப்புறமும். ஆக ஊரு பூரா ரொட்டியிலயும் பீருலயும் காசு விட்டு வளத்த ஸ்கூல் அது, இதுல கவர்னர்ஸ் சொத்துன்னும் சொல்ல முடியாது, லேபர் சொத்துன்னும் சொல்ல முடியாது.

ஆந்தைக்குஞ்சு: செம பாயிண்ட். ஆனா அந்த மில்லு வருமானம் இப்ப இல்லையே, ஃபீஸ் வாங்காம வாத்தியாருக்கு எதுல சம்பளம் குடுக்க?

கூதல்காத்து: அப்ப ஃபீஸ் ஸ்கூல்னு ஒத்துக்கங்க, சாரிட்டி போர்டைக் கழட்டுங்க.

மாவுமில்லு: 1931ல ஸ்கூல் அதே ஊர்ல ரஷோம்ங்கற ஏரியா பக்கம் போயிடுச்சு, இப்ப அங்க பஸ்ல ஸ்கூலோட ஆந்தை பேட்ஜ் போட்ட பிளேசரா ஏறுது. பழைய எடம் லாங் மில்கேட்ங்கற தெரு, பேர்லயே மில்லு இருக்கு பாருங்க. போன மாசம் போய்ப் பாத்தேன், ஆத்தைக் காணோம், விக்டோரியா ஸ்டேஷனுக்கு அடியில மூடிட்டாங்க.