பீப்பாயில் கிடந்த ஸ்டவுட்: முதிர்வா, ஊறலா, ஊட்டலா?

குழுவினருக்கு வணக்கம்.

பீர் சுவைப்போர் நிரப்பும் மதிப்பீட்டுத் தாளைத் தமிழாக்கும் வேலை ‘பீப்பாயில் கிடந்த இம்பீரியல் ஸ்டவுட்’ பக்கத்தில் வந்து நிற்கிறது. விஸ்கி இருந்த ஓக் பீப்பாயில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கிடந்து, 12 முதல் 15 விழுக்காடு ஆல்கஹாலோடு வெளிவரும் கறுத்த, கெட்டியான, இனிப்பு தூக்கலான பீர் இது. விருந்தில் பாயசத்தின் இடத்தில் வைக்கத் தக்கது. அந்தப் பீப்பாய் வேலைக்கு ஒரு சொல் வேண்டும். இதுவரை வந்தவை: பீப்பாய் முதிர்வு, மரவூறல், மரமேற்றம். என் வாக்கு முதலாவதற்கு.

ஸ்டவுட்டை ஸ்டவுட் என்றே விட்டிருக்கிறேன். ‘கரும்பீர்’ என்றால் ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்பியருக்கும் அதே பெயர்தான். அது 5 விழுக்காட்டு லாகர், குளிரில் நொதிக்கும் வேறு வகை பீர். தவிர, ஸ்டவுட் என்ற சொல் முதலில் குறித்தது வலுவை, நிறத்தை அல்ல.

* * *

> என் வாக்கு முதலாவதற்கு.

ஐயா, வணக்கம். ‘முதிர்வு’ இங்கே பொருந்தாது என்பேன். வங்கி வைப்புத்தொகையை நினைவூட்டுகிறது என்பதற்காக அல்ல. முதிர்வு என்றால் காலம் மட்டும் வேலை செய்கிறது என்று பொருள். புட்டியில் மூன்றாண்டு கிடந்த ஸ்டவுட்டும் முதிர்ந்ததுதான். பீப்பாயில் நடப்பது வேறு.

பர்பன் என்னும் அமெரிக்க விஸ்கிக்கு உள்புறம் கருக்கிய புதிய ஓக் கலன்தான் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆகவே ஒருமுறை பர்பன் இறக்கிய 53 கேலன் பீப்பாய், நம் கணக்கில் சுமார் 200 லிட்டர், அந்த வேலைக்கு மறுபடி உதவாது. அது பீர்காரர்கள், ரம்காரர்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் கைக்குப் போகிறது. காலி செய்த பின்னும் பலகைக்குள் சில லிட்டர் விஸ்கி ஊறிக் கிடக்கும். பீரை ஊற்றினால் அது வெளியே வரும். ஆல்கஹால் ஒன்றிரண்டு புள்ளி கூடுவது அதனால்தான். மரத்திலிருந்து வெனிலா வாசத்து வெனிலின் வரும், கொப்பரை மணம் தரும் லாக்டோன் வரும், கிராம்பு வாசத்து யூஜெனால் வரும், கருக்கிய அடுக்கிலிருந்து பாகு வாசம் வரும், கடைசியாகத் துவர்ப்பு வரும். இதோடு பலகை இடுக்கு வழியே மெல்ல நுழையும் காற்று பேரீச்சை, உலர்திராட்சை வாசத்தைத் தரும். இந்தப் பட்டியலில் காலத்தின் பங்கு என்று சொல்லத்தக்கது காற்று ஒன்றுதான். மற்றதெல்லாம் மரமும் பழைய குடியிருப்பாளரும் கொடுத்தவை.

இது சொல்லழகுக்கான சண்டை இல்லை. சுவைப்பவர் தாளில் ‘முதிர்வு மிகுதி’ என்று எழுதிக் கொடுத்தால் வடிப்பவர் என்ன செய்வார்? மரம் மிகுந்திருந்தால் வழி உண்டு. பீப்பாய்க்குப் போகாத அதே பீரைக் கலக்கலாம்: 100 மி.லி. குவளைகளில் 10, 20, 30 விழுக்காடு என்று கலந்து முகர்ந்து பார்த்து, துவர்ப்பு அடங்கும் இடத்தில் நிறுத்தலாம். காற்று மிகுந்து நனைந்த அட்டை வாடையோ சோயா சாஸ் வாடையோ வந்துவிட்டால் எந்தக் கலப்பும் காப்பாற்றாது; நல்ல பீரும் சேர்ந்து கெடும். ஒன்று மீளும், மற்றது மீளாது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் தாள் எதற்கு?

> மரவூறல்

ஊறுகாய் போடும் நமக்கு இயல்பாக வருகிற சொல்தான். ஆனால் நாளிதழைப் புரட்டுங்கள்: ‘மலையடிவாரத்தில் சாராய ஊறல் அழிப்பு’. ஊறல் என்றால் காய்ச்சுவதற்கு முன் புளிக்க வைத்த கரைசல் என்று காவல்துறையே கலைச்சொல் ஆக்கிவிட்டது. அதைத் திருப்பி வாங்க முடியாது.

> மரமேற்றம்

‘உப்பு ஏறிடுச்சு’, ‘வாசம் ஏறிடுச்சு’ என்று சொல்கிறோம், உண்மை. ஆனால் ‘மரமேறிய ஸ்டவுட்’ என்று படிக்கும் எவருக்கும் பனையில் கலயம் கட்டுபவர்தான் கண்ணில் தெரிவார்.

நான் முன்வைப்பது ‘ஊட்டல்’. புகையூட்டிய மீன், அகிற்புகை ஊட்டிய கூந்தல், நிறமூட்டி, மணமூட்டி என்று வேர் ஊன்றிய சொல். வெளியிலிருந்து ஒன்று உள்ளே செல்கிறது என்பது கேட்டதும் புரியும். பீப்பாயூட்டல், பீப்பாயூட்டிய ஸ்டவுட். ‘பீப்பாய்’ போர்த்துகீசியர் விட்டுப்போன சொல் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். ஜன்னலும் அலமாரியும் வீட்டில் இருக்கட்டும்.

வேறொரு குறையும் தாளில் கண்டேன். கசப்பு, துவர்ப்பு, கருகல் மூன்றையும் ‘கசப்பு’ என்றே மொழிபெயர்த்திருக்கிறீர்கள். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்த மொழி இது. பீரில் போடும் ஹாப்ஸ் பூ தருவது கசப்பு. அது விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கும். வறுத்த பார்லி தருவது கருகல். டிக்காக்‌ஷனை இரண்டாம் முறை கொதிக்க வைத்த சுவை. ஓக் தருவது துவர்ப்பு. கடுக்காய் கடித்ததுபோலக் கன்னத்தின் உட்புறத்தை இழுக்கும். விழுங்கிப் பத்து நொடி கழித்து நாக்கால் கன்னத்தைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா, அதுதான். ஆல்கஹாலின் சூட்டையும் இரண்டாகப் பிரியுங்கள்: மூக்கில் நெடி, தொண்டையில் கமறல். 14 விழுக்காட்டில் கொஞ்சம் நெடி இருக்கும். கமறல் இருந்தால் நொதித்தல் சூடாக ஓடியிருக்கிறது என்று பொருள், குற்றம் பீப்பாயின் மேல் இல்லை.

* * *

வணக்கம். கொழும்பிலிருந்து எழுதுகிறேன். துவர்ப்பு பற்றி அம்மா எழுதியது முற்றிலும் சரி. ‘ஊட்டல்’ மீது எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. ‘செயற்கை மணமூட்டி சேர்க்கப்பட்டது’ என்று பிஸ்கட் பொதியில் வாசித்துப் பழகியவருக்கு, பீப்பாயூட்டிய பியர் என்றால் எசன்ஸ் ஊற்றியது போலப் படும்.

பழைய இலக்கியத்தில் நேரான சொல்லே உண்டு. புறநானூறு 129இல் குறவர் ‘வாங்கு அமைப் பழுனிய தேறல்’ குடித்து மகிழ்கிறார்கள். வளைந்த மூங்கிலில் கிடந்து பழுனிய, அதாவது முற்றிக் கனிந்த, கள். மரக்கலன், காலம், மது மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. ‘பழுநல்’ என்று எடுக்கலாமே?

இங்கே லயன் ஸ்டவுட் 8.8 வீதம், பீப்பாய் பார்க்காதது. அதற்கும் கருப்பட்டி வாசம் உண்டு. ஆகவே தாளில் ‘கருப்பட்டி’யை மரத்தின் கணக்கில் எழுத வேண்டாம், அது மோல்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், கணக்கு. எங்கள் தென்னஞ்சாராயம் ஹல்மில்ல மரத்துப் பெருந்தொட்டிகளில் கிடக்கிறது. தொட்டி பெரிதானால் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் மரப்பரப்பு குறையும், ஊட்டமும் குறையும். அதற்கு எந்தச் சொல் வரும் என்று சோதித்துப் பாருங்கள்.

புளிப்பையும் பிரிக்க வேண்டும். தயிர்ப் புளிப்பு லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவின் வேலை. காடிப் புளிப்பு, நாங்கள் வினாகிரி என்போம், காற்றும் அசெட்டிக் பாக்டீரியாவும் சேர்ந்த வேலை. காலிப் பீப்பாயை உலரவிட்டு, இடுக்கு விரிந்த பின் நிரப்பினால் வரும். தயிர்ப் புளிப்போ கண்ணுக்குத் தெரியாமல் புட்டிக்குள் வளரும். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் 1990களில் பர்பன் கவுண்டி ஸ்டவுட் மூலம் இந்த வகையைப் பரப்பிய பீர் ஆலை. அதன் 2015 வெளியீட்டில் சில வகைகள் இப்படித்தான் புளித்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அடுத்த ஆண்டிலிருந்து சூடுகாட்டிக் கிருமி நீக்கத் தொடங்கினார்கள். தாளில் வெறும் ‘புளிப்பு’ என்று ஒரே கட்டம் இருந்தால் இந்த வேறுபாடு தப்பிவிடும்.

* * *

> எசன்ஸ் ஊற்றியது போலப் படும்.

எசன்ஸ் ஊற்றியது ‘மணமூட்டிய’. பீப்பாயில் கிடந்தது ‘பீப்பாயூட்டிய’. எது ஊட்டியது என்பதை முன்சொல்லே சொல்லிவிடுகிறது. இன்னொரு வசதி: எஃகுத் தொட்டியில் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் ஓக் சீவல் போட்டு எடுப்பவர்களும் உண்டு. அது ‘மரமூட்டிய’, ஆனால் ‘பீப்பாயூட்டிய’ அல்ல. லேபிளில் இந்த இரண்டும் குழம்பக் கூடாது. பழுநல் என்றால் இரண்டையும் பிரிக்க வழியில்லை. ஹல்மில்லத் தொட்டிக்கு ‘முதிர்வு’ போதும். ஊட்டியது குறைவு, கிடந்தது அதிகம்.

ஆனால் ‘பழுனிய’ சொல்லை விட மனமில்லை. மரம், விஸ்கி, மோல்ட் மூன்றும் தனித்தனியே தெரியாமல் ஒன்றான நிலைக்கு அதை வைப்போம். ‘நன்கு பீப்பாயூட்டியது, இன்னும் பழுனவில்லை’ என்று எழுதினால் வடிப்பவருக்கு விஷயம் புரியும்: மரம் போதும், புட்டியில் ஆறு மாதம் பொறு.

* * *

ஐயா, அம்மா, இருவருக்கும் நன்றி. என் வாக்கைத் திரும்பப் பெறுகிறேன். தாளைத் திருத்திவிட்டேன்.

ஊற்றுமுன்: புட்டியை ஒரு நாள் நிமிர்த்தி வைக்கவும், வண்டல் இறங்கும். குளிர்பெட்டியிலிருந்து அரை மணி நேரம் முன்பே எடுக்கவும். 10 பாகையில் தொடங்கி 16 பாகை வரை மூன்று முறை குறிப்பெழுதவும். குளிர்ச்சியில் கருகலும் துவர்ப்பும் முந்தும், கொப்பரையும் வெனிலாவும் சூடேறிய பிறகே வரும். வாய் குறுகிய குவளையில் 120 மி.லி. போதும். நுரை சட்டென்று அடங்கினால் மதிப்பெண் குறைக்க வேண்டாம், இந்த வலுவில் நுரை நிற்காது. மூக்கைக் குவளைக்குள் நுழைக்க வேண்டாம், நெடி மரத்துப்போகச் செய்யும். ஒரு அமர்வில் நான்குக்கு மேல் வேண்டாம். இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும்.

ஊட்டம்: வெனிலா, கொப்பரை, கிராம்பு, விஸ்கி, துவர்ப்பு.
முதிர்வு: பேரீச்சை, உலர்திராட்சை, குறையானால் அட்டை, சோயா.
பழுநல்: ஆம், இல்லை, இன்னும் இல்லை.
புளிப்பு: தயிர், காடி.

ஒன்று பாக்கி. வெனிலா, கொக்கோ, தேங்காய், ஈஸ்ட் தின்னாத பால்சர்க்கரை எல்லாம் போட்டுக் கேக் போலச் செய்யும் வகைக்கு ‘பலகார ஸ்டவுட்’ என்று எழுதியிருக்கிறேன். ‘இனிப்பு ஸ்டவுட்’ ஏற்கெனவே வேறு வகைக்குப் போய்விட்டது. முறுக்கும் பலகாரம்தானே என்று ஒருவர் தனிமடலில் கேட்டுவிட்டார். வேறு சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள்.