புல்லுக்குள் பறக்கும் வெள்ளைப்பட்டை அந்துப்பூச்சி: அடையாளம் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. திருநெல்வேலி பக்கம் மேய்ச்சல் புல்தரைகளில் மழைக்குப் பிறகு நடந்தால் காலடியிலிருந்து ஒரு குட்டி அந்துப்பூச்சி பட்டப்பகலிலேயே குப்பென்று எழும்பி, கொஞ்ச தூரம் தாழப் பறந்து மறுபடி புல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இறக்கை விரித்தால் 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அடர் பழுப்பு நிறம், குறுக்கே பளிச்சென்று ஒரு வெள்ளைப்பட்டை. வெட்டுக்காயப்பூண்டுப் பூவிலும் தேன் குடிக்கிறது.

ஸ்போலாடியா ரிகர்வாலிஸ் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அதன் புழு சாரணையையும் கீரைகளையும் தின்னும், இங்கே தரையெல்லாம் சாரணைதான், இலையைப் பட்டுநூலால் சுருட்டி உள்ளேயிருந்து சுரண்டும் பச்சைப் புழுக்களையும் பார்த்தேன். ஆனால் ஹைமீனியா பெர்ஸ்பெக்டாலிஸும் இதே சாயல், அதுவும் கீரை தின்பதுதான், வெள்ளைப்பட்டை மட்டும் ஒல்லியாக இருக்கும்.

என் படங்களில் சிலவற்றில் பட்டை அகலம், சிலவற்றில் குறுகல். இரண்டு இனமும் ஒரே இடத்தில் இருக்கிறதா, இல்லை ஒரே இனத்துக்குள் இவ்வளவு வேறுபாடு வருமா? முன்னிறக்கையில் எந்த இடத்தைப் பார்த்துப் பிரிக்கிறீர்கள்? அப்புறம், புழுவை வளர்த்துப் பார்த்தவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். ஊர்ப் பூச்சிப் பட்டியலில் சரியான பெயரோடு சேர்க்க வேண்டும்.