சமைக்கக் கற்றவர்கள் வேலையில் நிலைக்காதது ஏன்?

கேள்வி: பயிற்சி ஒருங்கிணைப்பாளர், மதுரை

வணக்கம். சிறையிலிருந்து விடுதலையானவர்கள், குடிநோய்ச் சிகிச்சை முடித்தவர்கள், கணவரை இழந்தோ பிரிந்தோ தனித்து வாழும் பெண்கள் ஆகியோருக்கு எங்கள் சிறிய தொண்டு அமைப்பு மூன்று மாதச் சமையல் பயிற்சி அளிக்கிறது. சென்ற அணியில் பயின்ற 12 பேரின் சாம்பாரிலோ பொங்கலிலோ குறை சொல்ல முடியாது. ஆயினும் உணவகங்களில் சேர்த்துவிட்ட 9 பேரில் 6 பேர் முதல் மாதச் சம்பளம் வாங்கும் முன்பே நின்றுவிட்டார்கள். கை மெதுவாக இருக்கிறது என்கிறார்கள் முதலாளிகள். திட்டைத் தாங்க முடியவில்லை என்கிறார்கள் இவர்கள். பயிற்சியில் எதை மாற்றுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: விடுதிச் சமையற்கூடத் தலைமை மாஸ்டர் (ஓய்வு), திருச்சி

ஐயா, ஐந்து பேருக்கு ருசியாகச் சமைப்பதும் நூறு பேருக்குச் சமைப்பதும் வெவ்வேறு தொழில்கள். ஆளுக்கு 50 கிராம் ரவை என்றால் 100 பேருக்கு 5 கிலோ என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் தண்ணீரையும் அதே விகிதத்தில் கூட்டினால் உப்புமா கூழாகிவிடும், ஏனெனில் வீட்டுச் சட்டியில் ஆவியாகிற அளவுக்கு அண்டாவில் தண்ணீர் ஆவியாவதில்லை. சோற்றையும் ஒரு பதம் முன்னதாகவே வடிக்க வேண்டும், அண்டாவின் சூடு அடுப்பை அணைத்த பிறகும் அதை வேகவைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் பயிற்சியில் அண்டா இல்லையென்றால் அவர்கள் கடையில்தான் முதன்முதலாக அதைப் பார்ப்பார்கள்.

கைவேகம் வெட்டுப் பலகையில் தொடங்குகிறது. பல ஆண்டுகள் சிறையிலிருந்த ஒருவர் என்னிடம் வேலைக்கு வந்தார். பிறர் பார்க்கும்போது கத்தியைத் தொடவே தயங்குவார். நான் எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து, வேர்ப்பகுதியை விட்டுவைத்து, விரல் நுனிகளை உள்ளே மடக்கி நறுக்கிக் காட்டினேன். மூன்றாம் வாரத்தில், புதிதாக வந்த பையனுக்கு அவர் அதே போல நின்று காட்டிக்கொண்டிருந்தார்.

திட்டைப் பற்றி ஒன்று. காலை எட்டரை மணிக்குத் தோசைக்கல் அருகில் நிற்கும் மாஸ்டர் குரலை உயர்த்தித்தான் பேசுவார், அந்தச் சத்தத்தை நீங்கள் பயிற்சியிலேயே பழக்கிவிடலாம். ஆனால் பழைய வாழ்க்கையைச் சொல்லிக் காட்டி இழிவுபடுத்தும் இடத்துக்கு எவரையும் அனுப்பாதீர்கள். அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது பயிற்சியாகாது.

பதில் 2: மகளிர் குழுப் பணியாளர், திருவள்ளூர்

அந்த 6 பேரும் எந்த நேரப் பணியில் இருந்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். டிபன் கடையில் நான்கு மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்து இருக்காது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்காது. 2022 செப்டம்பர் 15 அன்று உங்கள் மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்கள் பள்ளிகளில் சமைக்கிறார்கள். வீட்டுக்கு அருகில் வேலை, காலையிலேயே முடிந்துவிடுகிறது என்பதால்தான் பலரால் அதைத் தொடர முடிகிறது என்பது நான் நேரில் கண்டது.

ஆதார், வங்கிக் கணக்கு, மருத்துவச் சான்று ஆகியவற்றைப் பயிற்சிக் காலத்திலேயே முடித்துக் கையில் கொடுங்கள். உணவைக் கையாள்பவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி.

பதில் 3: உணவக மேலாண்மை ஆசிரியர், கோவை

1989இல் வாஷிங்டனில் ராபர்ட் எக்கர் தொடங்கிய டி.சி. சென்ட்ரல் கிச்சனைப் பற்றிப் படித்துப் பாருங்கள். வீணாகப் போகும் உணவுப் பொருள்களைப் பெற்று ஏழைகளுக்குச் சமைத்து அனுப்பும் அதே அமைப்புதான் வேலையற்றவர்களுக்கும் சிறை மீண்டவர்களுக்கும் தொழில் கற்பிக்கிறது. தாங்கள் சமைப்பதை யாரோ பசியோடு எதிர்பார்க்கிறார்கள் என்னும்போது கைக்கு வேகமும் பொறுப்பும் வரும். ஒரு முதியோர் இல்லத்தின் மதிய உணவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அண்டாவும் நேரக் கெடுவும் தாமாகவே பாடத்தில் சேர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. இன்று 6 பேரில் ஐவரைச் சந்தித்துவிட்டேன். மூவருக்குப் பேருந்துதான் தடை. ஒருவர், தாம் வேலை பார்த்த கடையின் மாஸ்டர் சொன்ன சொல்லை என்னிடம் திரும்பச் சொல்லவே மறுத்துவிட்டார். அந்தக் கடைக்கு இனி யாரையும் அனுப்ப மாட்டேன். ஐந்தாமவர் வெகு நேரம் பேசாமலிருந்துவிட்டு, தமக்கு எழுத்து தெரியாது, டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்ததை வாசிக்க முடியாமல் ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்து பார்த்ததால்தான் தாமதமானது என்றார். மூன்று மாதம் எங்களோடு இருந்தவர், நாங்கள் கவனிக்கவில்லை. அடுத்த அணிக்கு டப்பாக்களில் நிறப் பட்டை ஒட்டப் போகிறோம். நாள்தோறும் அரை மணி நேரம், சரக்குப் பெயர்களைக் கொண்டே எழுத்தும் கற்பிக்கப் போகிறோம். அவரும் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.