ஃபோகஸ் பீக்கிங் கண்ணைக் காட்டுகிறது, படத்தில் காதுதான் தெளிவு

ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா. மின்தொடர்பு இல்லாத அடாப்டர் வழியாகப் பழைய 50 மி.மீ. எஃப்/1.8 கைமுறை லென்ஸைப் பொருத்தியிருக்கிறேன். சென்ற மாதத்திலிருந்து இதே தொல்லை: ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தை எடுத்தால் பீக்கிங்கின் (குவிந்திருக்கும் விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதி) சிவப்புக் கோடுகள் இமையில் மின்னுகின்றன, படத்தில் இமை மங்கல், காதோர முடி கூர்மை. அந்தத் தூரத்தில் தெளிவின் ஆழமே சுமார் 3 சென்டிமீட்டர்தான். திறப்பைச் சுருக்கி எஃப்/4-இல் எடுத்தால் சிக்கல் இல்லை, ஆனால் அதற்காகவா இந்த லென்ஸ்?

பீக்கிங் அளவைக் குறைவுக்கு மாற்றினேன். நிறத்தை மஞ்சளாக்கினேன். பீக்கிங் ஒளி-இருள் மாறுபாட்டைத்தான் பார்க்கிறது என்பதால் படப் பாணியில் ஷார்ப்னெஸைக் குறைத்தும் பார்த்தேன். கோடுகள் மெலிந்தன, பிழை அப்படியே. ஐஎஸ்ஓ கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து மின்னுகிறது. முக்காலியில் வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் குவித்தால் மிகச் சரியாக வருகிறது. ஆகவே லென்ஸையோ அடாப்டரையோ சந்தேகிக்கவில்லை. கை நடுக்கத்தைச் சமன்செய்யும் நிலைப்படுத்தலில் லென்ஸ் 50 மி.மீ. என்று கொடுத்தும், கையில் பிடித்துப் பெரிதாக்கினால் காட்சி ஆடுகிறது. முழுக் காட்சிக்குத் திரும்புவதற்குள் எதிரே இருப்பவர் அசைந்துவிடுகிறார்.

முழுத்திறப்பில் கையில் பிடித்தே முகங்களை எடுப்பவர்கள், பீக்கிங்கையும் பெரிதாக்கலையும் எந்த வரிசையில் பயன்படுத்துகிறீர்கள்?