சந்துக்குள் இருக்கும் மிக்சி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை கூகுள் மேப்பில் முன்னால் வர என்ன செய்யலாம்?

கேள்வி: பாளை மெக்கானிக்

வணக்கம். பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் ஒரு சந்துக்குள் மிக்சி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். காயில் கட்டுவது, ஜாருக்கு புஷ் மாற்றுவது, கிரைண்டர் கல் கொத்துவது என எல்லா வேலையும் உண்டு. பழைய வாடிக்கையாளர்கள் தேடி வந்துவிடுகிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் செல்பேசியில் பார்த்துவிட்டு மெயின் ரோட்டுக் கடைகளுக்கே போகிறார்கள். கடையின் விவரங்களை கூகுளில் காட்டும் பிசினஸ் ப்ரொஃபைலில் கடையைப் பதிந்திருக்கிறேன். இங்கிருந்து தேடினால் மேலே வருகிறது, திருநெல்வேலி டவுனில் இருக்கும் மைத்துனர் தேடினால் கண்ணிலேயே படவில்லை. மாதாமாதம் பணம் கட்டினால் நெல்லை முழுவதும் முதலிடத்தில் வரவைப்பதாக ஒருவர் தொலைபேசியில் சொல்கிறார்; கடைப் பெயரோடு "நெல்லை நம்பர் ஒன் மிக்சி சர்வீஸ்" என்று சேர்க்கவும் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வண்ணார்பேட்டை வாசி

அண்ணாச்சி, பணம் கட்ட வேண்டாம். விளம்பரம் என்ற குறிப்போடு வரும் இடங்கள் தவிர, மேப்பின் வரிசையில் காசுக்கு இடம் கிடையாது என்று கூகுளே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தேடுவதற்கும் கடையின் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை எந்த அளவுக்கு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்தே அது வரிசைப்படுத்துகிறது. தாமிரபரணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மைத்துனருக்கு அங்குள்ள கடைகள் முதலில் தெரிவது தூரத்தால்தான். அதை நீங்களோ அந்தத் தொலைபேசிக்காரரோ மாற்ற முடியாது. டவுனிலிருந்து பாலம் தாண்டி யாரும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வரப்போவதும் இல்லை. சமாதானபுரம், முருகன்குறிச்சி, மகாராஜநகர் மக்களுக்குத் தெரிந்தால் போதும்.

பெயர்ப்பலகையில் இல்லாத சொல்லைப் பெயரில் சேர்ப்பது விதிமீறல். யாராவது புகார் கொடுத்தால் பதிவையே முடக்கிவிடவும் கூடும். அதற்குப் பதிலாக, என்ன தொழில் என்று பதிவில் குறிக்கும் முதன்மை வகையைப் பாருங்கள். மின்சாதன விற்பனைக் கடை என்று இருந்தால், பழுதுபார்ப்பு என்று தேடுபவருக்கு நீங்கள் பொருத்தமில்லாதவராகிவிடுவீர்கள். முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வகைகள் வரை வைக்கலாம். ஆனால் செய்யாத தொழிலைச் சேர்க்காதீர்கள். சேவைகள் பகுதியில் "கிரைண்டர் கல் கொத்துதல்", "மிக்சி காயில் கட்டுதல்" என்று நம் ஊர்க்காரர்கள் சொல்கிறபடியே தமிழிலும் எழுதுங்கள். மெயின் ரோட்டுக் கடைகள் ஆங்கிலத்தில் பொதுவாக எழுதிவைத்திருக்கும். கல் கொத்த ஆள் தேடுகிறவருக்கு உங்கள் கடை கிடைக்க அதுவே நல்ல வழி.

பதில்: மேலப்பாளையம் தையற்கடை

மேலே சொன்னதோடு விமர்சனங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. விமர்சனம் கேட்பதற்கான இணைப்பையும் கியூஆர் குறியீட்டையும் உங்கள் கணக்கிலேயே எடுக்கலாம். அச்சிட்டு, பொருளைத் திருப்பிக் கொடுக்கும் மேசையில் ஒட்டிவையுங்கள்; மிக்சியை ஓட்டிக் காட்டும் நேரத்தில் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. விமர்சனம் எழுதினால் கூலியில் தள்ளுபடி என்று சொல்வதும், திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் கூடாது. குறை எழுதியவருக்கும் தணிவாகப் பதில் போடுங்கள்; புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

ஆனித் தேரோட்டத்தன்றும் தீபாவளிக்கும் கடையை மூடினால் பதிவில் உள்ள "சிறப்பு நேரம்" பகுதியில் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். மேப்பை நம்பி வந்து பூட்டைப் பார்த்தவர் மறுபடி வருவதில்லை.

பாளை மெக்கானிக்

நன்றி. பெயரில் கைவைக்கவில்லை. இன்னொரு சந்தேகம்: மேப்பில் குறி மெயின் ரோட்டிலேயே நிற்கிறது, வருகிறவர்கள் அங்கிருந்து போன் செய்கிறார்கள். குறியை நகர்த்தினால் சிக்கல் வருமா?

பதில்: வண்ணார்பேட்டை வாசி

நகர்த்தத்தான் வேண்டும். முகவரியைத் திருத்தும்போது, கடை உங்களுடையதுதான் என்று மறுபடி சரிபார்க்க கூகுள் கேட்கலாம். வீடியோ கேட்டால் இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். தெருவின் பெயர், கடைப் பலகை, நீங்கள் சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, உள்ளே காயில் கட்டும் கருவி எல்லாம் அதில் வர வேண்டும். அதே கையோடு சந்தின் முனையிலிருந்து கடை தெரியும்படி ஒரு படம் எடுத்து ஏற்றிவிடுங்கள், போன் வருவது குறையும்.