தியேட்டர் விண்டோவுக்கு ‘அரங்குத் தனிக்காலம்’

எல்லாருக்கும் வணக்கம்.

புதுப்படம் வேற எங்கயும் வராம தியேட்டர்ல மட்டும் ஓடுற நாள்களை இங்கிலீஷ்ல ‘தியேட்டர் விண்டோ’ன்னு சொல்றாங்க, அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னுதான் இங்க பேச்சு. விண்டோன்னதும் ‘சாளரம்’னு போட்டா படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாதுங்க. நேத்து இங்க ஒரு ஐயா சொன்ன ‘வெளியீட்டு இடைவெளி’ பரவாயில்ல, ஆனா சினிமாப் பேச்சுல அது இடைவேளையோட குழம்பும், அதுபோக அது ஓடிடில படம் எப்ப வரும்னு காத்திருக்கிறவர் பக்கமிருந்து பாக்குற சொல். தியேட்டர்காரருக்கு அது காத்திருப்பே கிடையாது, படம் வேற எங்கயும் கிடைக்காம அவர்கிட்ட மட்டும் ஓடுற நாள். அந்த ‘மட்டும்’ சொல்லுக்குள்ள கட்டாயம் வரணும், அதான் ‘அரங்குத் தனிக்காலம்’னு சொல்றேன்.

ஸ்டுடியோக்களை இணைக்கிறப்போ முதல்ல அடிபடறதும் இதுதான். ஹாலிவுட்ல முன்னாடி ஏறக்குறைய 90 நாள் வழக்கம். 2018ல ஏடி அண்ட் டிங்கிற ஃபோன் கம்பெனி, வார்னர் ஸ்டுடியோவை வச்சிருந்த டைம் வார்னரை வாங்குச்சு, 2020ல எச்பிஓ மேக்ஸ்ங்கிற ஓடிடியை ஆரம்பிச்சாங்க, 2021ல வந்த வார்னர் படங்கள் மொத்தத்தையும் அமெரிக்காவுல தியேட்டர்லயும் மேக்ஸ்லயும் ஒரே நாள்ல விட்டாங்க. கொரோனா காலம்தான், ஆனா ஸ்டுடியோவும் ஆப்பும் ஒரே முதலாளி கையில இருந்ததாலதான் ஒரு வருஷப் படங்களையும் ஒரே அறிவிப்புல அப்படித் திருப்ப முடிஞ்சுது. இப்படி ஒரே நாள்ல ரெண்டுலயும் விடுறதுக்கு ‘உடன்வெளியீடு’ போதும்னு நினைக்கிறேன். டிஸ்னி 2019ல ஃபாக்ஸை வாங்கினப்புறமும் இதே கதைதான், ஃபாக்ஸ் பக்கத்துப் படங்கள்ல சிலது அமெரிக்காவுல தியேட்டரைத் தொடாம நேரா ஹூலுங்கிற ஓடிடிக்குப் போச்சு. அதுக்குத் தனிக்காலம்னு ஒண்ணே கிடையாது.

சிக்கல் எங்கன்னா, தனிக்காலம் எதோட முடியுதுங்கிறதுல. 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல நிறைய தியேட்டர் வச்சிருக்கிற ஏஎம்சி கம்பெனிக்காரங்க, யுனிவர்சல் ஸ்டுடியோ படத்தை இனி போடவே மாட்டோம்னு சண்டை போட்டாங்க, ஜூலைல அவங்களே 17 நாளுக்கு ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டாங்க, ஆன்லைன் வாடகை வருமானத்துல அவங்களுக்கும் பங்குன்னு. அந்த ஒப்பந்தப்படி 17 நாள் முடிஞ்சா வாடகைக்குத்தான் வரலாம்னு இருந்துச்சு, சந்தா கட்டிப் பாக்குற ஓடிடிக்கு அப்புறம்தான். பத்திரிகைல ரெண்டையும் ஒண்ணாப் போட்டு ‘17 நாள்ல ஓடிடி’ன்னு எழுதினா அது தப்பான தகவல். அதனால ‘வாடகை வெளியீடு’, ‘சந்தா வெளியீடு’ன்னு ரெண்டு சொல்லும் கூடவே வேணும்.

‘தனியுரிமைக் காலம்’னு கேட்டிருந்த தோழருக்கு: தனியுரிமையை இப்ப பிரைவசிக்குப் புழங்கிட்டு இருக்கோம், அதான் தவிர்த்தேன். ‘அரங்கு’ங்கிற முன்னொட்டு இல்லாம வெறும் ‘தனிக்காலம்’ நிக்குமா, அதை மட்டும் சொல்லுங்க.