கேட்ச்-22: ‘சுழல்விதி’யா, ‘மடக்குவிதி’யா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க விமானப்படையைக் களமாகக் கொண்ட ஜோசப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ நாவலைப் பற்றித் தமிழில் திறனாய்வுக் கட்டுரை எழுதிவரும் நண்பர், அத்தலைப்பு ஆங்கிலத்தில் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டதால் அதற்கு ஒரு கலைச்சொல் வேண்டுமென்று கேட்டிருந்தார். இதுவரை வந்தவற்றுள் ‘இருதலைக்கொள்ளி நிலை’, ‘இருபத்திரண்டாம் கொக்கி’, ‘சுழல்விதி’ ஆகிய மூன்றும் கருதத்தக்கவை. ஆனாலும் மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. காரணங்களை நாவலுக்குள்ளிருந்தே எடுத்துச் சொல்கிறேன்.

இருபுறமும் எரியும் கொள்ளியின் நடுவே அகப்பட்ட எறும்புக்கு வழிகள் இரண்டு, இரண்டிலும் நெருப்பு. ஹெல்லர் காட்டுவது அதுவன்று. ஐந்தாம் அத்தியாயத்தில் படைமருத்துவர் டனீகா, நாவலின் நாயகனான குண்டுவீச்சு வீரன் யொசாரியனுக்கு விளக்குகிறார்: புத்தி பேதலித்தவனைக் குண்டுவீச்சுக்கு அனுப்பக் கூடாது, ஆனால் தன்னை அனுப்ப வேண்டாமென்று அவனே வந்து கேட்க வேண்டும், கேட்டுவிட்டாலோ, உயிருக்கு அஞ்சிக் கேட்கிறான், ஆகவே புத்தி தெளிவாகத்தான் இருக்கிறான், ஆகவே பறக்க வேண்டும். இங்கே வெளியேறும் கதவு ஒன்று உண்டு. கைவைத்தால் மட்டுமே மூடிக்கொள்ளும் கதவு அது. ‘கொக்கி’ பேச்சுவழக்குக்கு மிக நெருங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுவலகத்தில் ஒருவர் கோப்பில் கொக்கி போட்டால், தக்க பதில் எழுதி அதைக் கழற்றிவிட முடியும். டனீகாவுக்கு எந்தப் பதிலும் எழுத முடியாது.

ஐயா முன்வைத்த ‘சுழல்விதி’யில் எனக்குப் பிடித்தது ‘விதி’ என்னும் பின்பாதி. சட்டமும் ஊழும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ‘சுழல்நிதி’யோடு காதில் குழம்பும் என்பது சிறிய குறைதான். பெரிய குறை இலக்கணத்தில் இருக்கிறது. ‘சுழல்’ தன்வினை, தானாகச் சுழல்வது. ‘பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்’ என்ற நம் பழமொழிக்கு அது முற்றிலும் பொருந்தும். (வியப்பு என்னவென்றால், பதினாறாம் அத்தியாயத்தில் ரோம் நகரத்து லூசியானா, யொசாரியன் பைத்தியம் என்பதால் அவனை மணக்க மாட்டேன் என்கிறாள், ஏன் பைத்தியம் என்று கேட்டால், தன்னை மணக்க விரும்புகிறானே, அதனால்தான் என்கிறாள். ஹெல்லர் நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை.) ஆனால் பழமொழியின் சுழலை யாரும் சுழற்றவில்லை, அதனால் யாருக்கும் ஆதாயமும் இல்லை. நாவலின் விதி சுழன்று நிற்கும் இடமெல்லாம் அதிகாரத்தின் பக்கமே. ஆறாம் அத்தியாயத்தைப் பாருங்கள்: 40 குண்டுவீச்சுப் பறப்புகள் முடித்தவன் ஊர் திரும்பலாம் என்கிறது தலைமையகம், யொசாரியனின் மேலதிகாரி கர்னல் காத்கார்ட்டோ எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகிறார், தலைமையகத்தின் ஆணையைக் கர்னல் மீறினாலும், கர்னலின் ஆணையை மீற உனக்கு உரிமையில்லை என்கிறது கேட்ச்-22. இதில் சுழலே இல்லை, ஒருவர் இன்னொருவரை மடக்குவதுதான் இருக்கிறது.

எனவே என் பரிந்துரை ‘மடக்குவிதி’. மடங்கு தன்வினை, மடக்கு அதன் பிறவினை. மடக்குபவர் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. வாதத்தில் மடக்குவதும், ஓடுபவனை மடக்கிப் பிடிப்பதும் இதே சொல்தான். ஆங்கிலத் தலைப்பிலுள்ள பிடித்தல் பொருளும் இதனால் கைநழுவவில்லை. வினைத்தொகையாதலால் மடக்கிய, மடக்குகிற, மடக்கும் விதி என்று முக்காலமும் அடங்கும்.

திறனாய்வுக்கு இன்னொரு பயனும் உண்டு. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லணி வகையில் கூறும் மடக்கு, ஒரே எழுத்துக்கோவை மீண்டும் மீண்டும் வந்து ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தருவது. இந்நாவலில் கேட்ச்-22 என்னும் தொடர் அப்படித்தான் வருகிறது. முதல் அத்தியாயத்தில் அது, தணிக்கை செய்த கடிதத்தில் தணிக்கை அதிகாரி தம் பெயரை எழுத வேண்டும் என்னும் அற்பமான அலுவலகக் கட்டளை. ஐந்தில் தர்க்கப் பொறி, ஆறில் ஆணையதிகாரம். 39ஆம் அத்தியாயத்தில் அது வெறும் வன்முறை. பிரான்ஸின் அவிஞோன் நகர வானில் யொசாரியனின் விமானத்திலேயே இளம் வீரன் ஸ்னோடன் சாகும் காட்சியும் இவ்வாறே துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப வந்து, 41ஆம் அத்தியாயத்தில்தான் முழுப்பொருள் கொள்கிறது. காலவரிசை குலைந்த நாவல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், இதை மடக்கு உத்தி என்றே கட்டுரையில் பெயரிட்டு ஆராயலாம்.

எண்ணைப் பொறுத்தவரை, 1955இல் முதல் அத்தியாயம் இதழில் வெளியானபோது தலைப்பு ‘கேட்ச்-18’. லியோன் யூரிஸ் என்னும் எழுத்தாளரின் ‘மிலா 18’ நாவல் 1961இல் வரவிருந்ததால்தான் அதே ஆண்டில் வெளியான இந்நாவலின் எண் 22 ஆயிற்று. ஆகவே பொதுச்சொல்லில் எண் வேண்டியதில்லை.

அன்புடன்.

*

ஐயா, வணக்கம்.

பிறவினை வாதம் வலுவானது. ‘சுழல்விதி’யை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மடக்குக் கத்தியும் மடக்கு நாற்காலியும் நினைவுக்கு வருமே என்ற அச்சமும் ‘விதி’ சேர்ந்ததும் நீங்கிவிடுகிறது. ஆனால் நீங்கள் ஒற்றை வரியில் கடந்துபோன 39ஆம் அத்தியாயம்தான் எனக்கு இடறுகிறது. ரோமில் இராணுவக் காவலர் பெண்களையெல்லாம் தெருவுக்கு விரட்டிய வீட்டில் தனித்து எஞ்சிய கிழவி, நம்மால் தடுக்க முடியாத எதையும் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டென்று கேட்ச்-22 சொல்வதாகக் கூறுகிறாள். அதைக் காட்டினார்களா என்று யொசாரியன் கேட்கிறான். காட்ட வேண்டியதில்லை என்று சட்டம் இருக்கிறதாம். எந்தச் சட்டம்? கேட்ச்-22. அப்படியொன்று இல்லவே இல்லை என்று யொசாரியன் அங்கே உணர்கிறான்; இருப்பதாக எல்லோரும் நம்புவதே அதற்குப் போதுமானதாக இருக்கிறது. இல்லாத ஒன்றை ‘விதி’ என்று நாமே எழுதிவைப்பது, நாவல் மறுப்பதை அதன் கலைச்சொல்லிலேயே ஒப்புக்கொள்வதாகாதா? ‘மடக்கு’ என்று மட்டும் நிறுத்திக்கொண்டால் என்ன?

*

அன்புள்ள ஐயா,

நல்ல தடை. ‘மடக்கு’ தனித்து நின்றால் அணியின் பெயரோடு மோதும். கட்டுரையில் இரண்டும் அடுத்தடுத்து வரும் என்பதால் வாசகர் தடுமாறுவார். மேலும், நம் வழக்கில் விதி எழுத்தில் கிடைக்கும் சட்டம் மட்டுமன்று. தலைவிதி என்கிறோம், தலையெழுத்து என்கிறோம். அந்த எழுத்தை யார் படித்துப் பார்த்தார்கள்? யாரும் பார்க்காமலே எல்லோரும் கட்டுப்படுவது என்னும் பொருள் ‘விதி’க்குள் முன்பே இருக்கிறது. கிழவியின் வாயில் அச்சொல்லை வைத்துப் பார்த்தேன்: “மடக்குவிதியைக் காட்ட வேண்டியதில்லையாம். அப்படியென்று மடக்குவிதியே சொல்கிறதாம்.” எனக்கு இது ஒட்டுகிறது.

நாவலின் பெயரை ‘கேட்ச்-22’ என்றே விட்டுவிடுவோம். கட்டுரையாளர் கேட்ட பெயரடை வடிவத்தில் மட்டும் ஒற்று மிகும்: மடக்குவிதிச் சூழல், மடக்குவிதித் தர்க்கம்.